சொம்பில் ஒட்டிய தலைப்பிரட்டை

33 வருடம் பள்ளியில் விலங்கியல் சொல்லிக் கொடுத்தவன் நான். பிளஸ் டூ பையன்களுக்குத் தவளை அறுக்கக் கற்றுக் கொடுத்தே பாதி ஆயுள் போயிற்று. ராணா ஹெக்சாடாக்டைலா என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, மெழுகுத் தட்டில் தவளையை மல்லாக்கப் போட்டு ஊசி குத்துவோமே, எங்கள் காலத்தில் படித்தவர்களுக்கு அந்த ஃபார்மலின் வாடை இன்னும் மூக்கில் இருக்கும். தவளையைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பில்தான் வேலையில் இருந்த நாளெல்லாம் இருந்தேன். அந்த நினைப்பு எப்படி உடைந்தது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1986 ஐப்பசி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு ஐப்பசி என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. வருடம் முழுக்க வெறும் கல்லாகக் கிடக்கும் ஓடையெல்லாம் ஒரே ராத்திரியில் இரைச்சல் போட ஆரம்பித்துவிடும். அப்படி ஒரு மழை நாளுக்கு மறுநாள், செண்பகத்தோப்புப் பாதையில் இருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பித்தளைச் சொம்பில் தண்ணீரோடு வகுப்புக்கு வந்தான். உள்ளே நான்கைந்து தலைப்பிரட்டைகள்.

"சார், இத பாருங்க சார். தண்ணிய ஊத்துனாலும் விழ மாட்டேங்குது."

சொம்பைக் கவிழ்த்துக் காட்டினான். தண்ணீர் கொட்டிவிட்டது. தலைப்பிரட்டைகள் மட்டும் உள்பக்கச் சுவரில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"எங்க தாத்தா சொல்வாரு சார், இதோட ஆத்தா மண்ணுக்குள்ளேயே இருக்குமாம். மழைக்கு மட்டும்தான் வெளிய வருமாம்."

அவன் தாத்தா அடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்குக் காவல் இருந்தவர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் தவளைக் குஞ்சுதாண்டா. போய் ஓடையில விட்டுட்டு வந்து உட்காரு." அவ்வளவுதான். வகுப்பே சிரித்தது. அவன் முகம் சுண்டிப்போனது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. பாடம் நடத்த வேண்டிய அவசரத்தில் அன்றைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

இனி கதையை 1918-க்குக் கொண்டு போகிறேன்.

கல்கத்தாவில் 1916-ல் இந்திய விலங்கியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் நெல்சன் அனண்டேல், எடின்பரோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். அவரோடு சேர்ந்து தவளைகளை ஆராய்ந்தவர் சி.ஆர். நாராயண ராவ். இவர் கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். நம் நாட்டின் பெயர்பெற்ற அறிவியல் பத்திரிகையான 'கரண்ட் சயின்ஸ்' 1932-ல் தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியரும் இவர்தான். இந்தப் பத்திரிகையின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

தென்னிந்திய மலை ஓடைகளில், பாய்ந்து ஓடும் தண்ணீரில், பாறையை வாயால் கவ்விக்கொண்டு வாழும் ஒருவகைத் தலைப்பிரட்டையை இவர்கள் 1918-ல் பதிவு செய்தார்கள். படம் போட்டு, அளவெடுத்து, வாயின் அமைப்பை எழுதி வைத்தார்கள். ஆனால் அது எந்தத் தவளையின் பிள்ளை என்று சரியாகச் சொல்ல அன்று வழியில்லை. பிள்ளை கையில் இருக்கிறது, தாயைக் காணோம்.

இது ஏன் கஷ்டம் என்று சொல்கிறேன். லின்னேயஸ் காலத்தில் இருந்து இருநூறு வருடத்துக்கு மேலாக உயிர்களை வகைப்படுத்தியது கண்ணால் பார்த்துத்தான். எலும்பு எப்படி, பல் எப படி, விரலுக்கு நடுவே தோல் இருக்கிறதா இல்லையா என்று எண்ணிப் பார்ப்போம். தலைப்பிரட்டைக்குக் கால் இல்லை. வால் மட்டும் இருக்கிறது. வளர்ந்த தவளைக்கும் அதற்கும் உருவத்தில் ஒரு சம்பந்தமும் கிடையாது. முகச்சாடை பார்த்துச் சொந்தம் சொல்ல முடியாத பிள்ளை அது. தொட்டியில் வளர்த்துத் தவளையாக்கிப் பார்க்கலாம் என்றால், ஓடும் தண்ணீரில் மட்டுமே வாழும் ஜீவனை வளர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆக, ஏறத்தாழ 85 வருடம் அந்தப் பிள்ளை அநாதையாகவே ஏட்டில் கிடந்தது.

இதற்கிடையில் உலகத்தில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. உயிர்களின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நூல் இருக்கிறது, அதில் நான்கே நான்கு எழுத்துகள்தான் மாறி மாறி வருகின்றன என்பதை நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அந்த எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் நல்ல முறையை இங்கிலாந்தில் ஃபிரெட்ரிக் சாங்கர் 1977-ல் கொண்டுவந்தார். 1983-ல் அமெரிக்காவில் கேரி மல்லிஸ், துளியூண்டு டி.என்.ஏ.வை லட்சக்கணக்கில் நகல் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். ஜெராக்ஸ் கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெயர்தான் பி.சி.ஆர். கொரோனா சமயத்தில் மூக்கில் குச்சியை விட்டு எடுத்துப் பரிசோதித்தார்களே, அதே பி.சி.ஆர்.தான். மல்லிஸுக்கு 1993-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இரண்டும் சேர்ந்ததும் விலங்கியலே மாறிப்போனது. ஒரு தவளையின் விரல் நுனியோ, தலைப்பிரட்டையின் வால் நுனியோ கடுகளவு இருந்தால் போதும். அதிலிருந்து குறிப்பிட்ட ஒரு பகுதியை நகல் எடுத்து, எழுத்து எழுத்தாகப் படித்து, இன்னொரு தவளையின் அதே பகுதியோடு ஒப்பிடலாம். ஒரே இனமாக இருந்தால் எழுத்துகள் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். தூரத்துச் சொந்தம் என்றால் வித்தியாசம் கூடிக்கொண்டே போகும். பழைய ஓலைச்சுவடியைப் பார்த்துப் பார்த்துப் பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் ஒன்றிரண்டு எழுத்துப் பிழை சேருமல்லவா? இரண்டு பிரதிகளிலும் எத்தனை பிழை வேறுபடுகிறது என்று எண்ணினால், இவை எப்போது ஒரே மூலத்தில் இருந்து பிரிந்தன என்று ஒரு மாதிரி கணக்கிடலாம். அதேதான் இங்கேயும்.

நம் நாட்டிலும் இந்த வேலை சும்மா இருக்கவில்லை. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் லால்ஜி சிங் டி.என்.ஏ. கைரேகை முறையை வளர்த்தார். முதலில் தந்தை யார், கொலைகாரன் யார் என்று கோர்ட்டுக்குச் சொல்லத்தான் அது பயன்பட்டது. பிறகு அவர் முயற்சியில், அழியும் நிலையில் உள்ள விலங்குகளுக்காக அங்கேயே தனியாக ஓர் ஆய்வகமும் வந்தது. வனத்துறை பிடித்த இறைச்சி ஆட்டுக்கறியா மான்கறியா என்று சொல்லவும் அந்த விஞ்ஞானிகளே வழி கண்டார்கள். வேட்டைக்காரன் தோலையும் கொம்பையும் புதைத்துவிட்டு வெறும் கறியோடு மாட்டினால் முன்பெல்லாம் தப்பித்துவிடுவான். இப்போது கறித்துண்டே சாட்சி சொல்கிறது.

சரி, நம் தவளைக்கு வருவோம்.

கேரளத்தில் எஸ்.டி. பிஜு என்பவர். படித்தது தாவரவியல், மனசு போனது தவளையிடம். இடுக்கி மாவட்டத்தில் மண்ணுக்கடியில் இருந்து கிடைத்த ஒரு தவளை அவர் கைக்கு வந்தது. பார்த்தால் தவளை என்றே சொல்ல முடியாது. ஏழு சென்டிமீட்டர் நீளத்துக்கு உப்பிப்போன உடம்பு, கத்தரிக்காய் நிறம், பொட்டுப் போலக் கண், பன்றிக்குட்டி மாதிரி கூர்மூக்கு. வருடத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கிடந்து கறையான் தின்று வாழ்கிறது. மழை பிடிக்கும்போது இனப்பெருக்கத்துக்காகச் சில நாள் மட்டும் மேலே வருகிறது. மலையாளத்தில் ஊர் ஜனங்கள் இதற்குப் பாதாளத் தவளை என்றே பெயர் வைத்திருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை பாதாளத்தில் இருந்து வரும் மகாபலியை நினைத்து மாவேலித் தவளை என்றும் சொல்வதுண்டு. ஆக, ஜனங்களுக்குத் தெரியும். புத்தகத்துக்குத்தான் தெரியாது.

பிஜுவும், பெல்ஜியம் நாட்டு பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்கி பாஸ்யூட்டும் அதன் டி.என்.ஏ.வில் சுமார் 2,800 எழுத்துகளைப் படித்தார்கள். கொஞ்சம் மைட்டோகாண்ட்ரியாவில் இருந்து, அதாவது தாய்வழியில் மட்டும் வருவது. மீதி செல்லின் உட்கருவில் இருந்து. 2003 அக்டோபரில் 'நேச்சர்' பத்திரிகையில் முடிவு வந்தது. இந்தத் தவளைக்கு இந்தியாவில் நெருங்கிய சொந்தம் யாருமே இல்லை. அதன் பங்காளிகள் இருப்பது சுமார் 3,000 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கு நடுவே, சீசெல்ஸில். அதுவும் அங்கேயுள்ள சில கருங்கல் தீவுகளில் மட்டும். நம் தமிழர்கள் போய்க் கடை வைத்து, விநாயகர் கோவில் கட்டியிருக்கிறார்களே, அதே சீசெல்ஸ்தான்.

தவளைக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. தோல் வழியாகவே தண்ணீரை வாங்கும் ஜீவன், கடலில் விழுந்தால் தாங்காது. பின்னே எப்படி? தவளை கடல் தாண்டவில்லை, நிலம்தான் நகர்ந்தது. ஒரு காலத்தில் இந்தியா, மடகாஸ்கர், சீசெல்ஸ் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே நிலம். மடகாஸ்கர் ஏறத்தாழ 8.8 கோடி வருடத்துக்கு முன் பிரிந்தது. சீசெல்ஸ் ஏறத்தாழ 6.5 கோடி வருடத்துக்கு முன் இந்தியாவை விட்டு விலகியது. அதற்குப் பிறகுதான் இந்தியா வடக்கே போய் ஆசியாவில் இடித்து இமயமலையைத் தூக்கியது. இந்தத் தவளைக் குடும்பத்தின் கிளை பிரிந்தது ஏறத்தாழ 13 கோடி வருடத்துக்கு முன் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். இந்த மாதிரிக் கணக்கில் கோடிக் கணக்கில் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் டைனோசர் நடமாடிய காலத்துக் குடும்பம் இது என்பதில் மாற்றமில்லை. டைனோசர் போய்விட்டது, இது மண்ணைத் தோண்டி உள்ளே போய்ப் பிழைத்துக்கொண்டது.

புதிய இனம் என்று மட்டும் சொன்னால் போதாது என்று புதிய குடும்பமாகவே அறிவித்தார்கள். நாசிகாபட்ரகஸ் சஹ்யாட்ரென்சிஸ் என்று பெயர். நாசிகா என்றால் மூக்கு, பட்ரகஸ் என்றால் கிரேக்கத்தில் தவளை, சஹ்யாத்ரி நம் மேற்குத் தொடர்ச்சி மலை. அடுத்த சில மாதத்தில், 2004 தொடக்கத்தில், இன்னொரு இந்தியக் குழுவும் இந்தத் தவளை வம்சத்தின் டி.என்.ஏ. ஆய்வை வெளியிட்டது. எந்தப் பத்திரிகையில் என்கிறீர்கள்? 'கரண்ட் சயின்ஸ்'. தலைப்பிரட்டையைப் பார்த்து எழுதிய நாராயண ராவ் ஆசிரியராக இருந்து வளர்த்த பத்திரிகையில், அதன் வம்சக் கதை வந்தது. அவர் 1960-லேயே காலமாகிவிட்டார். இருந்து பார்த்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

1918-ல் எழுதி வைத்த அந்த அநாதைப் பிள்ளைக்கும் இப்படித்தான் தாய் கிடைத்தாள். பாறையைக் கவ்வும் அந்தத் தலைப்பிரட்டை இந்தப் பாதாளத் தவளையின் பிள்ளைதான் என்று ஆனது.

இதெல்லாம் 2003, 2004-ல் பேப்பரில் படித்தேன். "கேரளாக்காரன் கெட்டிக்காரன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் காபி குடித்தேன். எனக்கு அந்தச் சொம்பு ஞாபகம் வரவில்லை. வந்தது 2017-ல்.

அந்த வருடம் இந்தத் தவளைக்கு ஒரு தம்பி இருப்பதாகச் செய்தி வந்தது. ஜெகத் ஜனனி முதலியோர் எழுதிய ஆய்வு. அதில் ஹைதராபாத் விஞ்ஞானிகளும் உண்டு. மலைக்கு மேற்கே இருப்பது ஓர் இனம், கிழக்குச் சரிவில் இருப்பது வேறோர் இனம் என்று உருவம், குரல், டி.என்.ஏ. மூன்றையும் வைத்துக் காட்டினார்கள். கண்டுபிடித்த இடம் என்று போட்டிருந்ததைப் படித்ததும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம். எங்கள் ஊர் மலை!

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் மழைக் கணக்கு. மேற்குப் பக்கத்துத் தவளை தென்மேற்குப் பருவமழையை ஒட்டி வெளியே வந்து முட்டையிடுகிறது. கிழக்குப் பக்கம் அந்த மழைக்கு மறைவான பிரதேசம். நமக்கு வடகிழக்குப் பருவமழைதான். இங்குள்ள தவளை அதற்குத்தான் வெளியே வருகிறது. நடுவே மலை ஒன்றுதான், ஆனால் முகூர்த்தமே வேறு. வைகாசியில் மட்டும் கல்யாணம் வைக்கும் குடும்பமும் ஐப்பசியில் மட்டும் கல்யாணம் வைக்கும் குடும்பமும் சம்பந்தம் செய்துகொள்வது எப்படி? தலைமுறை தலைமுறையாகக் கலப்பு நின்றுபோய், எழுத்துப் பிழைகள் தனித்தனியே சேர்ந்து, இரண்டும் வேறு வேறு இனமாகிவிட்டன. கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். டி.என்.ஏ. படிக்கத் தெரியாத காலமாக இருந்தால் ஒன்று என்றே எழுதி மூடியிருப்பார்கள். அப்படி மூடியிருந்தால், "அதுதான் கேரளாவில் நிறைய இருக்கிறதே" என்று சொல்லி நம் பக்கத்து ஓடையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்காது. பெயர் தனியாக இருந்தால்தான் பாதுகாப்பும் தனியாகக் கேட்க முடியும்.

அந்தத் தவளைக்கு வைத்த பெயர் பூபதி. கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தில் ஊர்வனவற்றையும் ஆமைகளையும் ஆராய்ந்த எஸ். பூபதி, 2014-ல் அகத்தியமலையில் களப்பணியின்போது விபத்தில் இறந்தார். காட்டில் உயிரை விட்டவர் பெயர், காட்டு மண்ணுக்குள் வாழும் ஜீவனுக்கு. இதைவிடப் பொருத்தமான மரியாதை வேறு இல்லை.

பேப்பரைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐப்பசி, ஓடை, வாயால் ஒட்டும் தலைப்பிரட்டை, மண்ணுக்குள் இருக்கும் ஆத்தா, மழைக்கு மட்டும் வருவது. எல்லாவற்றையும் அந்தப் பையன் ஒரே மூச்சில் சொன்னான். முப்பத்தோரு வருடம் முன்னாடியே சொன்னான். சொம்பில் இருந்தது அதுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பாறையில் ஒட்டும் தலைப்பிரட்டை வேறு தவளைகளுக்கும் உண்டு. ஒரு வால் நுனியைச் சாராயத்தில் போட்டு வைத்திருந்தால் இன்று சொல்லிவிடலாம். பள்ளி ஆய்வகத்தில் சாராயம் இருந்தது, பாட்டில் இருந்தது. என்னிடம் இல்லாதது கேட்கிற காதுதான்.

விசாரித்து அவன் நம்பரை வாங்கினேன். இப்போது மாங்காய் மொத்த வியாபாரம், பேரன் எடுத்துவிட்டான். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"தாத்தா சொன்னது சரிதான சார்?" என்றான்.

"சரிதாம்ப்பா. நான்தான் தப்பு" என்றேன். வகுப்பில் நாற்பது பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. போனில் சொன்னேன். இப்போது உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

பிறகு அவன் சொன்ன இன்னொன்று மனதை அழுத்துகிறது. "இப்பல்லாம் ஓடையில தண்ணி ரொம்ப நாள் நிக்கறதில்ல சார். வந்த வேகத்துல வத்திருது." இந்தத் தலைப்பிரட்டைக்குத் தவளையாக மாறி மண்ணுக்குள் போக மூன்று நான்கு மாதம் ஓடும் தண்ணீர் வேண்டும். தண்ணீரை நடுவில் மறித்தாலோ, உறிஞ்சி எடுத்தாலோ, கதை அங்கேயே முடிந்துவிடும். 2021-ல் எங்கள் மலை ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக ஆனது. புலிக்காகக் காட்டைக் காப்பாற்றினால் ஓடையும் பிழைக்கும், ஓடை பிழைத்தால் தவளையும் பிழைக்கும் என்று நம்புகிறேன்.

இப்போது விஞ்ஞானம் இன்னும் ஒரு படி போய்விட்டது. தவளையைப் பிடிக்கக்கூட வேண்டாம். ஓடைத் தண்ணீரைக் கொஞ்சம் வடிகட்டினால், அதில் கரைந்து கிடக்கும் தோல் துணுக்கு, எச்சம் இவற்றின் டி.என்.ஏ.வைப் படித்து, அந்த ஓடையில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பட்டியல் போடுகிறார்கள். ஓடையே தன் குடும்ப அட்டையை நீட்டுகிற மாதிரி.

ஆனால் எந்த ஓடையில் போய்த் தண்ணீர் எடுப்பது, எந்த மாதத்தில் எடுப்பது என்பதை மிஷின் சொல்லாது. அதை மாந்தோப்புக் காவல்காரர்தான் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளை அடுத்த மழையில் எதையாவது சொம்பில் பிடித்துக்கொண்டு வந்தால், ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். நான் அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டியது அந்த ஒரு நிமிடம்தான்.